தீப்பிடித்தால் யாரிடம் அனுமதி கேட்பது?

கேள்வி: வன்னியில் ஒரு பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக இருக்கிறேன். போன மாதம் பொதுமக்கள் தினமொன்றில் கீழ்மாடிக் கோவை அறையிலிருந்து புகை வந்தது. யூ.பி.எஸ். சூடேறி வயர் உருகியிருந்தது. யாரோ மெயின் சுவிட்சை நிறுத்தினார்கள், தீ பரவவில்லை. ஆனால் பின்கதவில் ஆமைப்பூட்டு. திறப்பு வைத்திருப்பவர் கச்சேரிக்குப் போயிருந்தார். பிரதேச செயலாளரும் அங்கேதான் கூட்டத்தில். வெளியே போவதா, இருப்பதா என்று சொல்ல ஆளில்லாமல் கொஞ்சநேரம் எல்லாரும் விறாந்தையில் நின்றோம். மேல்மாடியில் ஊன்றுகோலோடு வந்திருந்த ஐயா ஒருவர், எல்லாரும் இறங்கிய பிறகும் வாங்கிலேயே இருந்திருக்கிறார். எங்களோடு வேலைசெய்யும் அக்கா ஒருவர் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்கிறேன் என்பதற்காக ‘அவசரகால நடைமுறை’ எழுதும் வேலையை இப்போது என்னிடம் தந்திருக்கிறார்கள். இணையத்தில் கிடைத்த வெளிநாட்டு மாதிரி ஒன்று நாற்பது பக்கம் வருகிறது. அதைத் தமிழாக்கினால் போதுமா? பெரியவர் இல்லாதபோது வெளியேறச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? நாளைக்கு ஏதும் நடந்தால் எழுதிய நான்தான் பொறுப்பா? அக்காவின் லீவைச் சொந்த லீவில் கழிக்கச் சொல்கிறார்கள், அது சரியா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் நாலு கேள்வியில் இரண்டாவதை முதலில் எடுக்கிறேன். அது தெளிவானால் மற்றதில் பாதி தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

வெளியேறச் சொல்லும் அதிகாரம் புகையை முதலில் கண்டவருக்கு. அவர் காவலாளியாக இருக்கலாம், சாரதியாக இருக்கலாம், நேற்று வேலைக்கு வந்த பயிலுநராக இருக்கலாம். தேத்தண்ணி கொண்டுபோன அலுவலக உதவியாளர் கண்டால், மணியை அடிக்கவேண்டியதும் ‘எல்லாரும் வெளியிலை போங்கோ’ என்று கத்தவேண்டியதும் அவர்தான். நடைமுறையின் முதல் வரியாக இதை எழுதி, அதற்குக் கீழேயே பிரதேச செயலாளரின் கையொப்பத்தையும் இறப்பர் முத்திரையையும் வாங்கிவிடுங்கள். கையொப்பம் இல்லாத வரியை நம் கந்தோர்களில் யாரும் நம்புவதில்லை.

இந்த வரி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஒரு கதிரையை அடுத்த அறைக்கு மாற்றவே குறிப்பு எழுதி மேலே அனுப்பிப் பழகியவர்கள் நாங்கள். புகை வந்த நேரம் மட்டும் அந்தப் பழக்கம் எங்கே போகும்? கிளைக்குப் பொறுப்பானவர் நிர்வாக உத்தியோகத்தருக்குப் போன் எடுப்பார். அவர் கூட்டத்தில் இருப்பதால் சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பார். இவர் மறுபடியும் எடுப்பார். விறாந்தையில் நிற்கிற சனம் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஆகவே அனுமதியை மறுபக்கத்தில் வையுங்கள். வெளியே போக யாருடைய அனுமதியும் வேண்டாம், திரும்ப உள்ளே வரத்தான் அனுமதி வேண்டும். அதைத் தருபவர் பிரதேச செயலாளர். அவர் இல்லையென்றால் உதவிப் பிரதேச செயலாளர், அப்புறம் கணக்காளர், அப்புறம் நிர்வாக உத்தியோகத்தர் என்று பதவிகளை வரிசையாகப் போடுங்கள். பெயர் போடவேண்டாம். இடமாற்றம் வந்தால் ஆள் போய்விடுவார், தாள் சுவரில் இருக்கும். மாவட்டக் கூட்டம் என்றால் பெரியவர்கள் எல்லாரும் ஒரே வாகனத்தில் ஏறிப் போய்விடுவது வழக்கம்தானே. அதற்காகக் கடைசி வரியாக, ‘மேற்சொன்ன எவரும் இல்லாவிடின், அந்நேரம் கடமையிலிருப்போரில் சேவை மூப்புள்ளவர்’ என்று சேருங்கள்.

இதோடு இன்னொரு வரியும் வேண்டும்: நல்லெண்ணத்தோடு மணியடித்தவரிடம், அது வீண் எச்சரிக்கையாகப் போனாலும், விளக்கம் கோரப்படமாட்டாது. ஒரு தடவை அப்படி விளக்கக் கடிதம் கொடுத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு அந்தக் கட்டடமே எரிந்தாலும் மணியில் கைவைக்க ஒருவரும் வரமாட்டார்.

சரி, நாற்பது பக்கத்துக்கு வருவோம். அதைத் தமிழாக்கவேண்டாம். அது எழுதப்பட்ட கட்டடத்தில் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும், புகையை உணர்ந்து தானாக மணியடிக்கும், கூப்பிட்ட சில நிமிடங்களில் தீயணைப்பு வண்டி வாசலுக்கு வரும். எங்கள் நிலைமை வேறு. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. அது வந்துசேர்வதற்குள் கடைகள் வரிசையாக எரிந்துவிட்டன. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ இருக்கும் ஒரு கந்தோர், முதல் அரைமணித்தியாலம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளவேண்டும் என்று வைத்தே திட்டம் போடவேண்டும். உங்களுக்குக் கிட்டவுள்ள தீயணைப்பு வண்டி எந்த உள்ளூராட்சி சபையில் நிற்கிறது, அவர்களுடைய நேரடி இலக்கம் என்ன, மழைகாலத்தில் எந்த வழியால் வருவார்கள் என்று இந்தக் கிழமையே கேட்டு எழுதிவையுங்கள். 110 பொது இலக்கம்தான். இருந்தாலும் நேரடி இலக்கம் கையில் இருப்பது நல்லது.

‘எங்களிடம்தான் அனர்த்த முகாமைத்துவத் திட்டம் இருக்கிறதே’ என்று யாராவது சொல்வார்கள். அது பிரதேசத்துச் சனத்துக்கான திட்டம்: வெள்ளம் வந்தால் எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம், எத்தனை குடும்பம், சமைத்த உணவு யார் கொடுப்பது. பின்கதவின் திறப்பு யாரிடம் என்று அதில் இருக்காது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் 10ஆம் பிரிவு ஒவ்வொரு அமைச்சும் அரச திணைக்களமும் தனக்கென ஒரு திட்டம் வைத்திருக்கவேண்டும் என்கிறது. கட்டடத்துக்கான உங்கள் தாளையும் அதன் கீழேயே கோவைப்படுத்துங்கள். ‘இது எந்தச் சட்டத்தில் இருக்கு?’ என்ற கேள்வி வரும்போது காட்ட ஒன்று வேண்டும். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தை இழுக்காதீர்கள், அது கந்தோர்களுக்கு எழுதப்பட்டதல்ல.

நீளம் ஒரு தாள், இரண்டு பக்கம். அதற்கு மேல் போனால் வாசிக்கமாட்டார்கள்.

இனிக் கதவு. இதில் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன், ஏனென்றால் நான் போய்ப் பார்த்த கந்தோர்களில் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு கந்தோரில் ‘அவசர வழி’ என்று பச்சைப் பலகை அடித்த கதவைத் திறந்து காட்டச் சொன்னேன். கதவுக்குக் கிட்டப் போகவே வழியில்லை. முன்னால் கால் உடைந்த கதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அதற்கு மேல் பழைய பிரிண்டர், பக்கத்தில் வெள்ள நிவாரணத்துக்கு வந்து மிஞ்சிய தறப்பாள் கட்டுகள். கட்டுகளை எலி அரித்திருந்தது. அதையெல்லாம் தாண்டிப் போனால் கொண்டியில் துருப்பிடித்த ஆமைப்பூட்டு. ‘ஏன் அகற்றவில்லை?’ என்றால், ‘பொருட் கணக்கெடுப்புச் சபை வந்து பார்த்துக் கழிக்கும்வரை கைவைக்க ஏலாது’ என்றார்கள்.

அப்படி ஒரு தடையும் இல்லை. பாவனைக்குதவாத பொருளை விற்கவோ எறியவோதான் சபையின் சிபாரிசு வேண்டும். இருக்கிற இடத்திலிருந்து கராச்சுக்கு மாற்ற, இருப்புப் பதிவேட்டில் இடத்தை மாற்றி எழுதிக் கையொப்பம் வைத்தால் போதும். களஞ்சியப் பொறுப்பாளரையும் நிர்வாக உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டுபோய்க் கதவடியில் நிற்கவைத்துப் பேசுங்கள். மேசையில் இருந்து பேசினால் இது முடியாது.

பூட்டுக்குக் காரணம் கள்ளர் பயம். அது நியாயமான பயம்தான், இரவில் பூட்டத்தான் வேண்டும். ஆனால் வேலை நேரத்தில் அந்தக் கதவில் உள்ளிருந்து கையால் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் மட்டும் இருக்கட்டும். காலையில் முன்கதவைத் திறக்கிறவரே பின்கதவுப் பூட்டையும் கழற்றி, பூட்டையும் திறப்பையும் நிர்வாக உத்தியோகத்தரின் மேசையில் வைக்கவேண்டும். பூட்டு மேசையில் இல்லையென்றால் கதவு பூட்டியிருக்கிறது என்று அர்த்தம், யாரும் போய்ப் பார்க்கத் தேவையில்லை. கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது நல்லது. உள்ளே இழுத்துத் திறக்கும் கதவில் பத்துப்பேர் முண்டினால் திறக்க இடமிருக்காது. மாற்ற முடியுமா என்று தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். சின்னச் செலவுதான்.

அடுத்தது எண்ணுவது. வெளியே போனதும் வரவுப் பதிவேட்டை வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். உத்தியோகத்தர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், சரி. ஊன்றுகோல் ஐயாவின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? பொதுமக்கள் தினத்தில் உத்தியோகத்தரைவிட வந்திருக்கிற சனம்தான் கூட. அஸ்வெசும நலன்புரிக் காசு விசயமாக வந்த அம்மாமார், காணிப் பிரச்சினையோடு வந்த ஐயாமார், இடுப்பில் பிள்ளையோடு வந்த தாய்மார். அவர்களுக்கு எந்தக் கதவு எங்கே போகிறது என்றே தெரியாது. பெயரை எண்ணாமல் இடத்தை எண்ணுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் பொறுப்பானவர் தன் அறை, அதன் முன்னாலுள்ள வாங்கு, தனக்கென்று ஒதுக்கிய மலசலகூடம் ஆகியவற்றைப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு (பூட்டாமல்) இறங்கவேண்டும். வெளியே வந்து ‘காணிக்கிளை வெறுமை’ என்று சொல்லவேண்டும். எல்லாக் கிளையும் சொன்னால் கட்டடம் வெறுமை. பார்க்கப் போகும் வழியில் புகை தடுத்தால் மேலே போகவேண்டாம், ‘மேல்மாடி பார்க்கவில்லை’ என்று வெளியே வந்து சொல்லட்டும். தீயணைக்க வருபவருக்கு அந்தத் தகவல்தான் தேவை.

அந்த ஐயாவைப் பற்றி. கால் இழந்தவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், ஷெல் சத்தத்தில் கேள்வி குறைந்தவர்கள் இங்கே அரிதாக வருபவர்கள் அல்ல, தினமும் வருபவர்கள். அவர்களைப் படியால் எப்படி இறக்குவது என்று யோசிக்க முதல், ஏன் ஏற்றினோம் என்று யோசியுங்கள். கீழ்மாடியில் ஒரு மேசையை ஒதுக்கி, மேல்மாடி உத்தியோகத்தர் கோவையோடு இறங்கி வந்து அவரைப் பார்க்கட்டும். இது தீக்கு மட்டுமல்ல, சாதாரண நாளுக்கும் மரியாதையான ஏற்பாடு.

அப்படியும் மேலே யாரும் அகப்பட்டால், அவரிடமே கேளுங்கள்: ‘ஐயா, எப்படிப் பிடிச்சால் உங்களுக்குச் சுகம்?’ செயற்கைக் கால் போட்டவரின் எந்தப் பக்கத்தில் தாங்கவேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். தூக்கத்தான் வேண்டுமென்றால் கைபிடியுள்ள மரக்கதிரையில் இருத்தி, கதிரையைப் பின்பக்கம் சாய்த்து, அவர் முகம் படி இறங்கும் பக்கம் பார்க்க, ஒருவர் முதுகுப்பக்கமும் ஒருவர் முன்கால்களும் பிடித்து இறக்குங்கள். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், கால் விரிந்துவிடும். சனம் இறங்கி முடிந்த பிறகு இறக்குங்கள், இடையில் நுழைந்தால் எல்லாரும் விழுவார்கள். உங்கள் அக்காவும் நெரிசலில்தான் விழுந்திருப்பார். கேள்வி குறைந்தவருக்கு மணி கேட்காது. தோளில் தட்டிக் கையைக் காட்டவேண்டும், அதற்கும் ஒரு ஆளைச் சொல்லிவையுங்கள்.

மணி என்றதும் நினைவுக்கு வருகிறது: சைரன் வாங்கவேண்டாம். இந்த மண்ணில் ஓடத் தெரியாதவர் யாரும் இல்லை. சத்தம் கேட்டால் பங்கருக்குள் குதித்தும் நிலத்தோடு படுத்தும் வளர்ந்த சனம். எதிர்பாராத ஊளைச் சத்தத்தில் சிலருக்கு உடம்பு பழைய இடத்துக்கே போய்விடும். மேசைக்குக் கீழே பதுங்குவார்கள், உறைந்துபோய் நிற்பார்கள். தீக்கு அது நேர் எதிரான வேலை. பள்ளிக்கூடங்களில் தொங்குகிற தண்டவாளத் துண்டு போதும். கரண்ட் இல்லாவிட்டாலும் அடிக்கலாம், எல்லாருக்கும் பழகிய சத்தம். விடாமல் அடித்தால் வெளியேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகை வைக்கிற நாளை முன்கூட்டியே அறிவித்து, அன்று வரும் சனத்துக்கும் கேற்றடியிலேயே சொல்லிவிடுங்கள். திடீர் ஒத்திகை வைத்து ‘உண்மையாக’ச் சோதிக்கிற ஆசை சில அதிகாரிகளுக்கு வரும். வன்னியில் அது வேண்டாம்.

ஒன்றுகூடும் இடமாக எல்லாரும் மரநிழலைத்தான் காட்டுவார்கள். வெயிலுக்கு அது சரி. ஆனால் மின்கம்பி போகும் இடம், ஜெனரேற்றர் கொட்டில், வாகனங்கள் நிற்கும் இடம், கேற் வாசல் ஆகியவற்றிலிருந்து விலகியிருக்கவேண்டும். தீயணைப்பு வண்டியும் அம்புலன்சும் அந்தக் கேற்றால்தான் வரும். வளவின் பின்பக்கம் துப்புரவாக்காத பற்றையாக இருந்தால் அங்கே சனத்தைக் கூட்டவே கூடாது. கண்ணிவெடி அகற்றிய நிலத்திலும் மழை மண்ணை அரித்த பிறகு ஏதாவது வெளியே தெரியலாம். குப்பைக்கு நெருப்பு வைத்து மண்ணுக்குள் கிடந்தது வெடித்த சம்பவங்கள் இந்தப் பக்கத்தில் நடந்திருக்கின்றன. ‘வளவில் குப்பை எரிக்கக்கூடாது’ என்பதையும் தாளில் போடுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், எறியாமல், வந்த காலடி வழியே திரும்பி, மற்றவர் போகாதபடி ஆள் நிறுத்தி, பொலிசின் 119க்குச் சொல்லவேண்டும். அப்போது வழக்கமான மரநிழல் போதாது. கட்டடத்துக்கு அப்பால், வேறு பக்கமாக, இன்னும் தூரம் போகவேண்டும். எல்லா ஆபத்துக்கும் ஒரே ஓட்டம் சரிவராது.

உங்கள் சம்பவத்தில் மெயினை நிறுத்தியவருக்குப் பாராட்டு. ஆனால் மெயினை நிறுத்தினாலும் யூ.பி.எஸ்.ஸுக்குள் பற்றறி மின் இருக்கும். சில கந்தோர்களில் மெயின் விழுந்தவுடன் ஜெனரேற்றர் தானாக ஸ்டார்ட் ஆகித் திரும்பவும் கரண்டைக் கொடுத்துவிடும், அதையும் நிறுத்தவேண்டும். கூரையில் சூரியத் தகடு இருந்தால் பகலில் அந்த வயரிலும் மின் ஓடும். ஆகவே மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. காபன் டை ஒக்சைட் தீயணைப்பு உருளை பொருத்தம், தூள் உருளையும் பிடிக்கும், ஆனால் கொம்பியூட்டர்கள் பிறகு சுத்தம் செய்ய ஏலாமல் போகும். ஊசியை இழுத்து, தீயின் அடியைப் பார்த்து, கைபிடியை அமத்தி, இடமும் வலமுமாக வீசுங்கள். காபன் டை ஒக்சைட் உருளையின் வாய்க்குழாயை வெறுங்கையால் பிடிக்கவேண்டாம், குளிரில் தோல் கருகும். கைப்பாவனை உருளை சில செக்கன்களில் முடிந்துவிடும். குப்பைக்கூடை அளவு தீ என்றால், முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தால், மணி அடித்தாகிவிட்டது என்றால் மட்டும் ஒருதரம் முயலுங்கள். முடியாவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வாருங்கள். கோவை அறைத் தீயில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை, நெருப்பு பிறகுதான் வரும். உருளைகளின் அமுக்கமானி பச்சையில் நிற்கிறதா, ஊசியும் முத்திரையும் இருக்கிறதா என்று மாதம் ஒருதரம் பாருங்கள். காபன் டை ஒக்சைட் உருளைக்கு அந்த மானி இருக்காது, நிறைதான் பார்க்கவேண்டும்.

பொருளைக் காப்பாற்றப் போவதுதான் எனக்குப் பெரிய பயம். அரச ஊழியருக்கு நெருப்பைவிட, அரச பொருள் இழப்பை விசாரிக்கச் சொல்லும் நிதிப் பிரமாணம் 104 பயம். மடிகணினி எரிந்தால் விசாரணை வரும், என் பெயரில்தான் இருப்பு என்று நினைத்துத் திரும்ப உள்ளே ஓடுவார்கள். அந்த விசாரணை, இழப்பு எப்படி வந்தது, யாருடைய கவனயீனம் என்று பார்ப்பதற்குத்தான். எரிகிற அறைக்குள் போகாததைக் கவனயீனம் என்று அது சொல்லவில்லை. சிறாப்பருக்கு (காசாளருக்கு) காசு லாச்சியைத் தள்ளிப் பூட்டித் திறப்பை எடுப்பதற்கு மட்டும் நேரம். காசை எண்ணிக் கட்டப் போகக்கூடாது. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சி மாதிரி மாற்றமுடியாத பதிவேடுகளுக்கு இப்போதே இரும்பு அலுமாரியும் பிரதியும் தேடுங்கள். உங்கள் யூ.பி.எஸ். சேதத்துக்கும் 104இன் ஆரம்ப அறிக்கை போகவேண்டும், யாராவது அனுப்பினார்களா என்று கேளுங்கள்.

வெள்ளமும் கடலும் உங்கள் கட்டடத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பது இடத்தைப் பொறுத்தது. முல்லைத்தீவுக் கரையோரக் கந்தோர் என்றால் சுனாமிக்கு ஒரு பந்தி கட்டாயம். 2004 டிசெம்பர் 26 ஞாயிறு, போயா நாள், கந்தோர்கள் பூட்டியிருந்தன. அடுத்தது வேலை நாளில் வரலாம். சுமாத்திராப் பக்கம் நில நடுக்கம் என்றால் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கிடைக்கும், ஆனால் எச்சரிக்கை வந்துசேர்வதிலேயே அதில் ஒரு பங்கு போய்விடும். கடல் உள்வாங்கினால் யாரையும் கேட்கவேண்டாம். உள்நாட்டுப் பக்கமாக, முள்ளியவளைத் திசையில் போகவேண்டும். வட்டுவாகல் வழி வேண்டாம், அது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் நந்திக்கடல் களப்புமாகப் போகிற பாதை. வெள்ளத்தில் உங்கள் கந்தோர் மூடாது, அதுதான் வேலை தொடங்கும் நேரம். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்த நாட்களில் தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்க, முகாமில் பதிவெழுதிக்கொண்டிருந்த உத்தியோகத்தர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காக ஒரு விதி எழுதுங்கள்: மேவிப் பாயும் தண்ணீருக்குள் மோட்டார் சைக்கிளை இறக்கும்படி எந்தக் கிராம அலுவலரையும் யாரும் பணிக்கக்கூடாது. வெளிக்களத்துக்குப் போகிறவர் போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் பலகையில் எழுதிவிட்டுப் போகட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோடு பேச 117.

வெள்ளத்தோடு பாம்பும் கந்தோருக்குள் வரும். புடையனோ நாகமோ எதுவானாலும் கடிபட்டவரை அசையாமல் வைத்து, மோதிரம், காப்பு, மணிக்கூட்டைக் கழற்றி, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். பாம்பைப் பிடிக்கவும் போகவேண்டாம், தூர நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் வைத்தியசாலைக்கு உதவும். 1990க்குப் பேசுகிறவர் கட்டடத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்தச் சந்தி, எத்தனையாம் கட்டை, எந்தப் பக்கம் திரும்புவது என்பதைப் போனுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும்.

அக்காவின் விடயம். கடமை நேரத்தில், கடமை இடத்தில், ஆபத்திலிருந்து வெளியேறும்போது வந்த காயம் அது. அரச ஊழியருக்கான விதிகள் அடங்கிய தாபனக் கோவையில் விபத்து விடுமுறை என்று தனியாக இருக்கிறது. அதைச் சொந்த லீவில் கழிக்க ஒத்துக்கொள்ளவேண்டாம். அவர் இன்றைக்கே எழுத்தில் விண்ணப்பிக்கட்டும். சம்பவம் நடந்த நேரம், இடம், கண்ட இருவரின் பெயர், வைத்தியசாலையில் தந்த நோய் நிர்ணய அட்டை எல்லாம் இணைக்கவேண்டும். நட்டஈட்டுக்கும் பொது நிர்வாகச் சுற்றறிக்கைகளில் வழி உண்டு, தாபனக் கிளையில் கேட்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கடந்துவிட்டது, இனியும் தள்ளினால் ‘அப்போது ஏன் அறிவிக்கவில்லை?’ என்ற கேள்விதான் முன்னுக்கு வரும்.

நீங்கள் பொறுப்பா என்றால், தயாரிப்பவர் நீங்கள், திட்டத்துக்குச் சொந்தக்காரர் நிறுவனத் தலைவர். அதை வாய்ப்பேச்சில் விடாமல் கடிதமாக வாங்குங்கள்: ‘அவசரகால நடைமுறையை வரைந்து சமர்ப்பிக்கவும், ஒத்திகையை ஒழுங்குபடுத்தவும் பணிக்கப்படுகிறீர்’ என்று இருந்தால் போதும். ‘பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்’ என்று எழுதித் தந்தால் திருப்பிக் கொடுங்கள். பணமும் அதிகாரமும் உங்களிடம் இல்லாதபோது அந்தச் சொல்லை ஏற்கவேண்டியதில்லை. வரைபை அனுப்பும்போது பின்கதவு, உருளைகள், கீழ்மாடி மேசை மூன்றையும் தனித்தனிக் கோரிக்கையாகத் திகதியிட்டு அனுப்பி, ஏற்றுக்கொண்ட கையொப்பத்தோடு பிரதி வைத்திருங்கள். இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. எழுத்தில் கேட்ட பூட்டு, வாயால் கேட்ட பூட்டைவிடக் கெதியாகத் திறக்கும் என்பது என் அனுபவம்.

முதல் ஒத்திகையைச் சனம் குறைந்த நாளில், காலை பத்து மணிக்குள், வெயில் ஏறமுதல் வையுங்கள். ஓடவேண்டாம், நடந்து போகட்டும். ஒருவர் கேற்றடியில் நின்று மணி தொடங்கியதிலிருந்து கடைசிக் கிளை ‘வெறுமை’ சொல்லும்வரை நேரம் பார்க்கட்டும். இரண்டாவதைப் பொதுமக்கள் தினத்தில் வைத்தால்தான் எங்கே நெரிகிறது என்று தெரியும். அந்த இரண்டு நேரத்தையும், பின்கதவின் அகலத்தையும், உங்கள் வரைபையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.